பகல்வீட்டில் சீட்டுக்கட்டு வைக்கலாமா?

மாந்தோப்பு (கொழிஞ்சாம்பாறை) | ஞாயிறு, காலை 7.40

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம் எங்கள் ஊர். எங்கள் வார்டில் முதியோருக்கான பகல்வீடு திறந்து ஓராண்டாகப் போகிறது. பஞ்சாயத்து நடத்துகிறது. காலையில் கஞ்சி, மதியம் சோறு, அவ்வப்போது வந்து இரத்த அழுத்தம் பார்க்கும் நர்ஸ், சுவரில் ஒரு டிவி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தால், வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப்போலச் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மலையாளச் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. பாதிப் பேருக்கு அது காதில் விழுவதில்லை. விழுகிறவர்களில் பாதிப் பேர் தூங்குகிறார்கள்.

போன வாரக் கிராமசபையில், பகல்வீட்டுக்கு இந்த ஆண்டு என்ன வாங்கலாம் என்று பேச்சு வந்தது. இரண்டு உடற்பயிற்சி சைக்கிள், இன்னும் பெரிய டிவி என்று மெம்பர் தரப்பில் சொன்னார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "ஒரு கேரம் போர்டு, இரண்டு சீட்டுக்கட்டு, ஒரு ஜோடி தாயக்கட்டை போதும். சைக்கிளை நீங்களே மிதித்துக்கொள்ளுங்கள்" என்றார். சபை சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் எதிர்ப்பு கிளம்பியது. சீட்டு வந்தால் சூது வரும், சூது வந்தால் குடி வரும் என்றார் ஒருவர். (எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கள்ளுக்கடைக்குப் போக யாருக்கும் சீட்டு ஒரு சாக்காகத் தேவைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.) பேரன் பேத்தி எடுத்த வயதில் என்ன விளையாட்டு, சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு இருக்கட்டுமே என்றார் இன்னொருவர்.

கடைசியில் ஒரு சிறு குழு போட்டு, என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். வியாழக்கிழமை கூடுகிறோம். இது எங்கள் வார்டின் பிரச்சினை மட்டும் அல்ல. 2011 கணக்கெடுப்பிலேயே கேரளத்தில் 12.6 விழுக்காட்டினர் அறுபது வயதைத் தாண்டியவர்கள், தமிழ்நாட்டில் 10.4. இன்றைக்கு இரண்டும் இன்னும் ஏறியிருக்கும். இவ்வளவு பேரும் மீதி நாளை எதில் கழிப்பது? உங்கள் கருத்தை எழுதுங்கள். வெறும் "நல்ல முயற்சி, வாழ்த்துகள்" வேண்டாம்.

கடைசி பெஞ்ச் (மீனாட்சிபுரம்) | ஞாயிறு, காலை 8.05

வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கி வைத்துப்போயிருக்கிறார். பஞ்சாயத்துப் பணத்தில் சீட்டுக்கட்டு வாங்குவதற்குமுன் உங்கள் குழு அதை ஒருமுறை படிக்கட்டும்.

இயன்முறைக்காரி (பாலக்காடு) | ஞாயிறு, காலை 9.30

நான் முதியோருக்கு இயன்முறை சிகிச்சை அளிப்பவள். கூட்டத்தில் யாராவது "ஆதாரம் என்ன" என்று கேட்டால் சொல்வதற்காக இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன்.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயது தாண்டிய 469 பேரை ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2003இல் ஓர் ஆய்வு வெளியானது. வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி, நடனம் இவற்றில் அடிக்கடி ஈடுபட்டவர்களுக்கு மறதிநோய் குறைவாகவே வந்திருந்தது. பிரான்சின் போர்தோ பக்கத்தில் 3,675 பேரை இருபது ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2013இல் வந்தது. பலகை விளையாட்டு ஆடியவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு என்றது.

இங்கேதான் கவனம் வேண்டும். அந்தப் பிரெஞ்சு ஆய்விலேயே, ஆரம்பத்தில் ஒவ்வொருவரின் நினைவுத்திறன் எப்படி இருந்தது, மனச்சோர்வு இருந்ததா என்பதையும் கணக்கில் சேர்த்தபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. ஆடியதால் மூளை நன்றாக இருந்ததா, மூளை நன்றாக இருந்ததால் ஆடினார்களா என்று அடித்துச் சொல்ல முடியாது. மறதிநோய் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மனிதர் மெல்ல ஆட்டத்திலிருந்து விலகத் தொடங்கிவிடுவார். ஆகவே "சீட்டாடினால் மறதி வராது" என்று பகல்வீட்டுச் சுவரில் எழுதிவிடாதீர்கள். மூளைப் பயிற்சி விளையாட்டு என்று விளம்பரம் செய்து செயலி விற்ற ஓர் அமெரிக்க நிறுவனம், அந்த விளம்பரத்துக்கு ஆதாரம் போதாது என்பதால் 2016இல் இருபது லட்சம் டாலர் கட்ட வேண்டிவந்தது.

இதையெல்லாம் தாண்டியும் நான் சீட்டின் பக்கம்தான். காரணம் மூளை அல்ல. மூட்டு வலி என்று வீட்டைவிட்டு வெளியே வராத மனிதர், ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறது என்று கூப்பிட்டால் வந்துவிடுகிறார். நான் நடக்கச் சொன்னால் நடப்பதில்லை.

மாந்தோப்பு | ஞாயிறு, காலை 9.52

அந்தக் கடைசி வரியை அப்படியே குழுவில் வாசிக்கப் போகிறேன்.

எழுபத்துநான்கு (வடகரப்பதி) | ஞாயிறு, பகல் 12.15

கிராமசபையில் எழுந்து கேட்ட ஆள் நான் அல்ல. ஆனால் நானாக இருந்திருக்கலாம். பேத்தி தட்டச்சு செய்து தருகிறாள்.

முதலில் அந்த இயன்முறை அம்மிணிக்கு ஒரு கும்பிடு. உண்மையைப் பேசுகிறார். மற்றவர்கள் எல்லோரும் எங்கள் ஆட்டத்துக்கு மருந்துச் சீட்டு எழுதப் பார்க்கிறீர்கள். இரத்த அழுத்தத்துக்கு நல்லது, ஞாபகத்துக்கு நல்லது, தனிமைக்கு நல்லது. பத்து வயதுப் பையன் பம்பரம் விடுகிறபோது இது உன் மணிக்கட்டுக்கு நல்லது என்று யாரும் போய்ச் சொல்வதில்லை. எனக்கு மட்டும் ஏன்? நான் ஆடுவது ஜெயிப்பதற்கு.

எங்கள் ஆட்டம் ஐம்பத்தாறு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆறு பேர், மூன்றுக்கு மூன்று, ஓர் ஆள் விட்டு ஓர் ஆளாக உட்கார வேண்டும். இரண்டு கட்டிலிருந்து எட்டு, ஏழு முதலான சின்னச் சீட்டுகளை ஒதுக்கிவிட்டு நாற்பத்தெட்டு சீட்டு, ஆளுக்கு எட்டு. ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. மொத்தம் ஐம்பத்தாறு. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒரு புள்ளியும் கிடையாது. ஓய்வுபெற்ற அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். ஏலம் கேட்பதில்தான் சூட்சுமம் எல்லாம். நான் இத்தனை கேட்கிறேன் என்று சொல்லும்போதே கையில் எந்தச் சாதிச் சீட்டு (ஸ்பேடா, ஆர்ட்டினா) வலுவாக இருக்கிறது என்று கூட்டாளிக்குப் போய்ச் சேர வேண்டும்; எதிராளிக்கும் அது கேட்கத்தான் செய்யும். கண்ணடித்தால், இருமினால் சண்டை.

தோற்ற அணிக்குக் காதில் குணுக்கு. கீழே உதிர்ந்து கிடக்கும் தென்னங்குரும்பையில் ஈர்க்குச்சியைச் செருகி, வளைத்துக் காதில் மாட்டிவிடுவோம். அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தால்தான் கழற்றலாம். எங்கள் கூட்டத்தில் ஒருவர் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர், ஊரில் எல்லோரும் எழுந்து நின்று பேசுவார்கள். இரண்டு காதிலும் குரும்பை தொங்க, மூக்குக் கண்ணாடி வழுக்க, அவர் துருப்பை எண்ணிக்கொண்டிருக்கும்போது அவருடைய மருமகள் ஸ்கூட்டரில் அந்தப் பக்கமாகப் போனாள். வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனாள். அவர் நிமிரவே இல்லை. அந்தக் கை போனால் மூன்றாவது குணுக்கு.

இப்போது எனக்குள்ள ஒரே வழக்கைச் சொல்கிறேன். அறுபத்தைந்து தாண்டியதிலிருந்து உலகமே எனக்கு விட்டுக்கொடுக்கிறது. பஸ்ஸில் எழுந்து இடம் தருகிறார்கள். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார வைக்கிறார்கள். நான் தப்பாகப் பேசினாலும் மகன் "சரிங்க அப்பா" என்கிறான். முன்பெல்லாம் எதிர்த்துப் பேசுவான். அது எவ்வளவு நன்றாக இருந்தது! கோவையிலிருந்து வந்த பேரன் சதுரங்கத்தில் வேண்டுமென்றே குதிரையை வெட்டுக் கொடுத்தான். பலகையை மூடிவைத்துவிட்டேன். பாசத்தில்தான் செய்தான், தெரியும். ஆனால் "இனி இந்த ஆளோடு மெய்யாக ஆட முடியாது" என்று முடிவு கட்டிவிட்டான் அல்லவா? சீட்டில் மட்டும் எவனும் எனக்கு ஓர் ஒன்பதைக்கூட விட்டுத் தருவதில்லை. எதிரே உட்காருகிறவரோடு எனக்கு வரப்புத் தகராறு, வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆட்டத்தில் மட்டும் "கேள்", "பாஸ்", "போடு" என்று பேசிக்கொள்வோம். என்னை இன்னும் ஓர் ஆளாக மதித்து, தோற்கடிக்க வேண்டும் என்று மெனக்கெடுகிறவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

கொல்லங்கோடு அத்தை | ஞாயிறு, பிற்பகல் 3.20

பெரியவர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அருமை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த ஆறு பேரில் ஒரு பெண் உண்டா? மரத்தடி, வாசகசாலைத் திண்ணை, டீக்கடை பெஞ்சு என்று ஆண்கள் ஆடுவதற்கு ஊர் முழுக்க இடம் இருக்கிறது. பகல்வீட்டில் இடம் கேட்கவேண்டியவர்கள் நாங்கள்.

எங்கள் வீட்டில் மாமியாரின் பல்லாங்குழி இருக்கிறது. மரத்தில் செய்தது, மீன் வடிவில் மடங்கும். பதினான்கு குழி, புளியங்கொட்டை. மாமியார் குழியை ஒரு பார்வை பார்த்தாலே அதில் எத்தனை காய், எங்கிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும், வெற்றுக்குழி தாண்டி எது கிடைக்கும் என்று சொல்லிவிடுவார். வெற்றுக்குழியில் நாலு சேர்ந்ததும் "பசு" என்று அள்ளும் வேகம் இருக்கிறதே, நமக்குக் கண் எட்டாது. இப்போது அதே பல்லாங்குழி ஷோகேஸில் பித்தளைக் குத்துவிளக்கின் பக்கத்தில் அழகுக்கு இருக்கிறது. வயதுக்கு வந்த பெண்ணையும் பிள்ளைத்தாய்ச்சியையும் உட்காரவைத்து ஆடச் சொன்னார்கள். அதற்குப்பின் ஐம்பது வருடம் அடுப்படி. கிழவியான பிறகு திரும்ப ஆடலாம் என்றால் பேரக்குழந்தை வந்துவிடுகிறது.

"பேரனோடு விளையாடிக்கொண்டு இருக்கிறீர்கள், உங்களுக்கு என்ன குறை" என்பார்கள். பேரனுக்கு விளையாட்டுக் காட்டுவது வேலை. ஆசையோடு செய்கிற வேலைதான், ஆனால் வேலை. சோறு ஊட்டுவதற்காக யானை ஆகிறேன், தூங்குவதற்காகக் கதை சொல்கிறேன். என் பிள்ளைகள் கோவையில் ஐடி நிறுவனத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பது இதனால்தான். நான் ஜெயிக்கவேண்டும் என்று நினைத்து ஆடுகிற ஆட்டம் எங்கே?

ஒன்று மட்டும் நடக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் வள்ளிக் கும்மி திரும்பப் பரவியிருக்கிறது. கோவை மாவட்டத்து பத்ரப்பன் ஐயா அந்தக் கலையில் பெண்களைச் சேர்த்தவர். அவருக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கோவிந்தாபுரம் பக்கத்து என் நாத்தனார் அறுபத்தெட்டு வயதில் சலங்கை கட்டி ஆடப் போகிறாள். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு போகிறாள், தைலம் தேய்த்துக்கொண்டு வருகிறாள். வீட்டில் கேட்டால் "சாமி காரியம்" என்பாள். சாமி என்று சொன்னால்தான் விடுவார்கள்.

நகரி தறிக்காரன் | ஞாயிறு, மாலை 5.10

ஆந்திரப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் விசைத்தறியில் காலம் தள்ளியவர்களுக்கு ஐம்பத்தைந்திலேயே காது மந்தம், சிலருக்கு மூச்சு இரைப்பு. பேசிப் பொழுது போக்க முடியாது. ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. அவர்களுக்கு ஆடுபுலி ஆட்டம்தான் பேச்சு. தெலுங்குக்காரர், தமிழர் என்ற பேதம் இல்லை. சிமெண்டுத் தரையில் கரிக்கோடு, மூன்று கல் புலி, பதினைந்து புளியங்கொட்டை ஆடு. ஆடு ஜெயிக்க ஒரே வழி புலியை அடைப்பது, ஆட்டால் புலியைக் கொல்ல முடியாது. முதலாளி புலி, நாம் ஆடு என்று ஒரு பெரியவர் சொல்வார். அவரே எப்போதும் புலியைத்தான் கேட்டு வாங்குவார்.

கோபாலபுரம் வக்கீல் | ஞாயிறு, இரவு 8.45

சட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, குழுவில் கட்டாயம் கேட்பார்கள்.

ஆந்திர அரசுக்கும் செகந்திராபாத் மன்றம் ஒன்றைச் சேர்ந்தவர்களுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்புச் சொன்னது. ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடும் ஆட்டம்; சீட்டுக்கும் நாற்காலிக்கும் மன்றம் கட்டணம் வாங்குவதாலேயே அது சூதாட்ட விடுதி ஆகிவிடாது. ஆனால் பந்தயப் பணத்தில் இடம் கொடுத்தவர் பங்கு எடுத்தால் கதை வேறு. ஆகவே சுவரில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: பணம் வைத்து ஆடக் கூடாது. தோற்றவர் டீ வாங்கித் தருவதைப் பிடிக்க எந்தப் போலீஸும் வராது. குணுக்குக்கு நிச்சயம் வராது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சீட்டு வந்தால் சூது வரும் என்கிறவர்கள், பகல்வீட்டுக்கு எதிரே என்ன கடை இருக்கிறது என்று பார்க்கவும். கேரள அரசு 1967 முதல் லாட்டரி நடத்துகிறது. தமிழ்நாடு 2003இல் தடை செய்துவிட்டது. அதனால்தான் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுவது லாட்டரிக் கடை. ஓய்வூதியம் வாங்கிய கையோடு அங்கே போய் நிற்கும் முதியவர்கள் எத்தனை பேர்! டிக்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டபிறகு அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை, மூன்று மணிக்குக் குலுக்கல். எதிராளி இல்லை, யோசனை இல்லை, சிரிப்பு இல்லை. அது அரசு முத்திரையோடு நடக்கலாம், இரண்டு சீட்டுக்கட்டுதான் ஊரைக் கெடுக்கும்!

மலம்புழைக் காற்று | ஞாயிறு, இரவு 9.30

வக்கீல் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். என் அப்பா மரத்தடி ஆட்டத்தை விட்டுவிட்டுக் கைப்பேசியில் ரம்மி ஆடத் தொடங்கினார். அம்மா போனபிறகு தூக்கம் வராது, இரவு முழுவதும் அதுதான். வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் பதிவு செய்யப் போனபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தொகையை எழுத மனம் வரவில்லை. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை விதித்தது, எங்கள் வீட்டுக்கு அது தாமதம்.

சீட்டு ஒன்றுதான், ரம்மி ஒன்றுதான். மரத்தடியில் இருட்டியதும் ஆட்டம் நின்றுவிடும், யாராவது ஒருவருக்கு மாட்டைப் பிடித்துக் கட்டவேண்டும். ஒருவர் அளவுக்குமீறித் தோற்றால் மற்றவர்கள் "போதும், வீட்டுக்குப் போ" என்பார்கள். கைப்பேசி அப்படிச் சொல்லவில்லை. எதிரே ஆடுவது யார் என்றே அப்பாவுக்குத் தெரியாது.

எழுபத்துநான்கு | ஞாயிறு, இரவு 9.50

தம்பி, அப்பாவை வடகரப்பதிக்குக் கூட்டிக்கொண்டு வா. எங்கள் ஆறாவது ஆளுக்குக் கண்புரை அறுவை, இரண்டு வாரம் வரமாட்டார்.

வேலந்தாவளம் வாத்தியார் | திங்கள், காலை 6.15

கடைசி பெஞ்ச் நண்பருக்கு: வள்ளுவர் 94ஆம் அதிகாரத்தில் கண்டிப்பது பொருளைத் தின்னும் சூதை. அதே தமிழில் இன்னொன்றும் இருக்கிறது. புறநானூற்றின் 52ஆம் பாட்டு, மருதன் இளநாகனார் பாண்டியன் மாறன் வழுதியைப் பாடியது. பாண்டியனைப் பகைத்த நாடுகள் எப்படிப் பாழாகும் என்று சொல்லிக்கொண்டு வருகிறார். ஊர்ப் பொதுமன்றத்தில் தூணைவிட்டுக் கடவுள் போய்விட்டது, பலி நின்றுவிட்டது. அங்கே நரைத்த முதியவர்கள் உட்கார்ந்து காய் வைத்து ஆடி ஆடிக் குழிவிழுந்துபோன வல்லாட்ட இடம் ஒன்று இருக்கிறது. அந்தக் குழிகள் நிறைய இப்போது காட்டுக்கோழி முட்டையிடுகிறது.

புலவர் அரண்மனை இடிந்ததை அங்கே பேசவில்லை என்பதைப் பாருங்கள். ஊர் உயிரோடு இருந்தது என்பதற்கு அவர் காட்டும் அடையாளம், கடவுளுக்கு அடுத்தபடியாக, கிழவர்கள் ஆடிய இடத்தில் விழுந்த குழி. கல்லோ மரமோ தேயும் அளவுக்கு ஆடியிருக்கிறார்கள், ஊர்ப் பொதுச் சொத்தில், நட்டநடுவில், சாமி குடியிருந்த அதே கூரையின் கீழ். சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு இருக்கட்டும் என்ற அந்தச் சபை உறுப்பினரிடம் இதைக் கொடுங்கள்.

கடைசி பெஞ்ச் | திங்கள், காலை 7.30

வாத்தியார் ஐயா, பாட்டு நன்றாக இருக்கிறது. என் எதிர்ப்பு குறளில் இருந்து வந்ததாக நினைத்துவிடாதீர்கள், அது ஒரு வேகத்தில் எழுதியது. மெய்யான எதிர்ப்பை இப்போது சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு எழுபது. தொழிலுறுதி வேலைக்கு, நூறு நாள் வேலை என்பார்களே, அதற்குப் போகிறார். அது இல்லாத நாளில் முதலமடைப் பக்கம் மாந்தோப்பில் காய் பொறுக்கப் போகிறார். முதியோர் ஓய்வூதியத்தில் மாத்திரை வாங்கலாம், அரிசி வாங்க முடியாது. இந்த இழையில் பேசுகிறவர்கள் எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள், அல்லது ஓய்வுபெற்றவர்களின் பிள்ளைகள். விளையாட்டுக்கு முதலில் ஓய்வு வேண்டும். இந்தப் பக்கத்தில் பாதிக் கிழவன் கிழவிக்கு ஓய்வு என்பது படுக்கையில் விழுந்தபிறகுதான். பகல்வீட்டுப் பணத்தை அவர்களுக்கு மதியச் சோறாகக் கொடுங்கள் என்பேன்.

கொல்லங்கோடு அத்தை | திங்கள், காலை 10.40

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. சோறா விளையாட்டா என்றால் சோறுதான், அதில் பேச்சில்லை. ஆனால் உழைக்கிறவர்கள் ஆடுவதில்லை என்று யார் சொன்னது? நானும் தொழிலுறுதிக்குப் போனவள்தான். வாய்க்கால் தூர்வாரும்போது மதியம் தூக்குப்போசியைக் கழுவி வைத்துவிட்டுப் பூவரச நிழலில் உட்கார்ந்தோம் என்றால், மண்வெட்டிக் காம்பால் மண்ணில் குழி பறித்து, வேப்பங்கொட்டையைப் பொறுக்கிப் போட்டு ஆடுவோம். மேஸ்திரி கூப்பிட்டால் காலால் குழியைத் தட்டி மூடிவிட்டு எழுந்துவிடுவோம். ஜெயித்தவள் தோற்றவளின் மண்சட்டியில் அன்றைக்கு ஒரு நடை கூடுதலாக ஏற்றிவிடலாம். அம்மாவிடம் கேட்டுப் பார். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

இயன்முறைக்காரி | திங்கள், பகல் 1.15

ஆட்டம் வருகிறதோ இல்லையோ, வந்தால் இவற்றைக் கவனியுங்கள். குழுவில் இதை யாரும் சொல்லமாட்டார்கள்.

விரல் முட்டி வீங்கியவர்களால் புளியங்கொட்டையைக் குழியிலிருந்து அள்ள முடியாது, நழுவும். கழற்சிக்காய் வாங்குங்கள், பெரியது, உருண்டை, கைக்கு அகப்படும். சீட்டைப் பத்து நிமிடம் விசிறிப் பிடித்தாலே கட்டைவிரல் வலிக்கும்; ஒரு சின்னப் பலகையில் கோடு கீறிவிட்டால் அதில் செருகி நிறுத்திவைத்து ஆடலாம், எந்தத் தச்சரும் செய்து தருவார். பெரிய எழுத்துச் சீட்டு கிடைக்கிறது. விளக்கு தலைக்குமேல் வேண்டும், பின்னால் இருந்தால் சீட்டில் நிழல் விழும். தாயம் தரையில் உட்கார்ந்து ஆடுவது. முழங்கால் மடங்காதவர்களுக்காகக் கட்டத்தை மேசைமேல் வரைந்துவிடுங்கள். பித்தளைத் தாயக்கட்டை உருண்டு கீழே விழாமல் ஓரத்தில் ரீப்பர் அடிக்கவும். கீழே விழுந்ததை எடுக்கக் குனிந்துதான் விழுகிறார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 28 முதல் 35 பேர் ஒருமுறையாவது விழுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அந்த இரண்டு சைக்கிளையும் முழுவதும் தள்ளிவிடவேண்டாம். ஒன்று இருக்கட்டும். இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்டில் 2011இல் முதியவர்களுக்காக நடைக் கால்பந்து தொடங்கினார்கள். ஓடக் கூடாது, ஓடினால் தவறு. பல ஊர்களுக்குப் பரவிவிட்டது. பாலக்காட்டில் கால்பந்துக்கா பஞ்சம்? அங்கன்வாடி முற்றம் போதும்.

நகரி தறிக்காரன் | திங்கள், பகல் 1.40

ஓடாமல் கால்பந்து. தறி ஓடாத நாளில் எங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

தென்மலை ரயில் (செங்கோட்டை) | திங்கள், மாலை 4.00

திருச்சூர் மாவட்டத்தில் மரோட்டிச்சால் என்ற ஊரை எடுத்துக்காட்டுங்கள். குடியில் கிடந்த ஊரை, டீக்கடையில் சதுரங்கப் பலகை போட்டு மாற்றினார் அந்த ஊர்க்காரர் ஒருவர். இன்று சதுரங்கக் கிராமம் என்றே பெயர். கோர்ச்நாய் என்ற சதுரங்க வீரர் எண்பது வயதில், 2011இல், சுவிட்சர்லாந்தின் தேசிய வாகையர் பட்டம் வென்றார். பஞ்சாப் பக்கம் மான் கௌர் பாட்டி இருந்தார். ஓட்டத்தைத் தொடங்கியதே 93 வயதில்.

எழுபத்துநான்கு | திங்கள், மாலை 6.30

மான் கௌருக்கு வணக்கம். ஆனால் நூறு வயதில் ஓடினார், எண்பதில் பட்டம் வென்றார் என்று சொல்லிச் சொல்லி எங்களைப் பயமுறுத்தாதீர்கள். அவர்கள் சாதனையாளர்கள். நாங்கள் நான்கு மணிக்குக் கூடி ஆறரைக்குக் கலைகிறவர்கள். செய்தித்தாளில் போட ஒன்றும் இல்லாததுதான் இதன் சுகம்.

அத்தை கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. எங்கள் ஆறு பேரில் பெண் இல்லை. என் வீட்டுக்காரி இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் நன்றாக ஆடுவாள், கல்யாணமான புதிதில் என்னைத் தோற்கடித்திருக்கிறாள். மரத்தடிக்கு வா என்று கூப்பிட எனக்கே தோன்றவில்லை. இப்போது கூப்பிட்டால் ஊர் சிரிக்கும் என்கிறாள். பகல்வீட்டு மேசைக்கு வருவாளா என்று கேட்டேன். "கூட்டாளியாக வேண்டாம், எதிரே உட்காருகிறேன்" என்றாள்.

மாந்தோப்பு | வியாழன், இரவு 9.10

குழு கூடியது. விவரம் இது.

கேரம் போர்டு, சதுரங்கம், பெரிய தாயக் கட்டம், கழற்சிக்காயோடு இரண்டு பல்லாங்குழி: எதிர்ப்பில்லை. சைக்கிள் ஒன்று மட்டும். டிவி பின்னறைக்குப் போகிறது. பெரிய டிவி இல்லை. சீட்டுக்கு ஒரு மணி நேரம் சண்டை. வக்கீலின் தீர்ப்பைச் சொன்னேன், வாத்தியாரின் பாட்டைப் படித்தேன். இயன்முறை அம்மாவின் வரியை வாசித்ததும் மெம்பர் தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். "பணம் வைத்து ஆடக் கூடாது" என்று எழுதிவைத்து அனுமதிக்கிறோம். ஒருவர் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னார், செய்தோம்.

பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கலாமா என்று கேட்டபோது வந்திருந்த மூன்று பெண்களும் வேண்டாம் என்றார்கள். தனி நேரம் கிடைத்தாலும் பேரக்குழந்தையை எங்கே விடுவது? பக்கத்து அங்கன்வாடியில் மாலை ஒரு மணி நேரம் கூடுதலாகப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு எழுதப் போகிறோம். அது நடக்கும் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. டீச்சருக்கும் வீடு இருக்கிறது.

கடைசி பெஞ்ச் | வியாழன், இரவு 9.35

அம்மாவிடம் கேட்டேன். மண்ணில் குழி பறித்து ஆடுவது உண்மைதானாம். "உனக்கு எதற்கு அது" என்றார். பகல்வீட்டுக்கு வருவீர்களா என்றால், கூலி நாளில் முடியாது, ஞாயிற்றுக்கிழமை என்றால் பார்க்கலாம் என்கிறார். எங்கள் பக்கத்திலும் இப்படி ஒன்றைக் கேட்கலாம் என்று இருக்கிறேன். உங்களுடையது ஞாயிறு திறந்திருக்குமா?

மாந்தோப்பு | வியாழன், இரவு 9.41

இல்லை. பஞ்சாயத்து அலுவலக நாட்கள் மட்டும்தான்.

எழுபத்துநான்கு | வியாழன், இரவு 9.58

உழைக்கிறவர்கள் வரக்கூடிய ஒரே நாளில் பூட்டு. அடுத்த கூட்டத்தில் அதைப் பேசுங்கள். காவலுக்கு ஆள் இல்லை என்பார்கள். நான் இருக்கிறேன், வரப்புக்காரரையும் அழைத்து வருகிறேன். சாவி இரண்டு போடச் சொல்லுங்கள், ஒன்றை அவர் வைத்திருக்கட்டும். என்னிடம் மட்டும் இருந்தால் அவர் சந்தேகப்படுவார்.